ஆலா நிற்கும் நேரம்

நின்னாச்சு, நின்னாச்சு என்று கத்திவிட்டுக் கேமராவை இறக்கிவிட்டேன். மறுபடியும். எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆலா அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று இறக்கையை அடித்துக்கொள்கிறது, அலகு நேராகத் தண்ணீரைப் பார்க்கிறது, அடுத்த மூச்சில் விழப்போகிறது, அந்த நேரம் பார்த்து என் விரல் பட்டனை அமுக்காமல் வாய் திறந்துகொள்கிறது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, வெறுங்கண்ணால், திருவிழாவுக்கு வந்தவள் மாதிரி அது விழுவதை வேடிக்கை பார்க்கிறேன். என்ன செய்ய, பழக்கதோஷம். கல்யாணமான புதிதிலிருந்து என் வேலை இதுதான். படம் எடுக்கிறவர் அவர், பார்த்துச் சொல்கிறவள் நான். லென்ஸுக்குள் ஒரு கண்ணை விட்டுவிட்டால் அந்த மனுஷருக்கு உலகத்தில் வேறொன்றும் தெரியாது, ஒரு கைக்குட்டை அளவு வானம்தான் தெரியும். மிச்ச வானம் முழுவதும் என் பொறுப்பு. எது சும்மா சுற்றுகிறது, எது தலையைக் கவிழ்த்துவிட்டது, எது நிற்கப்போகிறது. "மாதா கோயில் பக்கம் நின்னாச்சு" என்பேன். "ஆத்துப் பக்கம், ஆத்துப் பக்கம்" என்பேன். அவர் திரும்புவதற்கும் அது விழுவதற்கும் சரியாக இருக்கும். இப்போது கேமரா என் கழுத்தில் தொங்குகிறது. அவர் எனக்குப் பின்னால், மணலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். வானத்தைப் பார்க்கவில்லை. மடியில் நான் எடுத்து வைத்த இடத்திலேயே கிடக்கிற தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தாமிரபரணி கடலில் விழுகிற இடம் இது. புன்னைக்காயல். மழை முடிந்து ஆற்றுத் தண்ணீர் இன்னும் கலங்கல் தெளியவில்லை, கடலுக்குள் வெகுதூரம் வரைக்கும் செம்மண் நிறம் போகிறது, அது முடிந்து பச்சை தொடங்குகிற கோட்டின் மேல்தான் ஆலாக்கள் சுற்றும். சாளைக்குஞ்சும் நெத்திலியும் அந்தக் கோட்டில்தான் மேயும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து கார் பிடித்து, டிரைவர் முத்தையா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் தாங்கி, இந்த நாற்காலி வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. "அம்மா, நான் ஒரு டீ குடிச்சிட்டு இங்கனதான் நிப்பேன், கூப்பிடுங்க" என்று முத்தையா போய்விட்டான். எதற்குக் கூட்டிவந்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. நரம்பு டாக்டர் சொன்னது. வலது கை வருமோ வராதோ தெரியாது, பேச்சு கொஞ்சங் கொஞ்சமாக வரலாம், ஆனால் அவராக ஒன்று வேணும்னு கேக்கணும்மா, இல்ல வேணாம்னு தள்ளணும், அந்த ஆசை உள்ளேயிருந்து வரணும், அது வரலேன்னா நாங்க கொடுக்கிற மருந்தும் பயிற்சியும் சும்மா என்றார். நான்கு மாதமாக இவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒன்றும் வேண்டாமலும் இருக்கவில்லை. தண்ணி வேணுமா என்றால் வாயைத் திறக்கிறார். மாத்திரை என்றாலும் அதே வாய். ஜன்னலோரம் உட்காரவைத்தால் ஜன்னலைப் பார்க்காமல் தரையில் ஒரு டைல்ஸைப் பார்க்கிறார். எப்போதும் ஒரே டைல்ஸ். நான் அதன் மேல் வேண்டுமென்றே ஒரு கோரம்பாயை விரித்துப் பார்த்தேன். பாயைப் பார்த்தார்.

அதோ, இரண்டு வருகின்றன. ஒன்று கொண்டை ஆலா, அலகு மஞ்சள், எண்ணெய் வைத்துச் சீவாத பிள்ளையைப் போலத் தலைமயிர் பின்னால் சிலுப்பிக்கொண்டு நிற்கிறது. மற்றது சின்னது. கண்ணில் வை, கனி. வாயை மூடு, கனி. லென்ஸ் என்ன கனம் கனக்கிறது, இதை இந்த மனுஷர் எப்படி மணிக்கணக்காகத் தூக்கிக்கொண்டு நின்றார், ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லையே. எங்கே போயிற்று. வானம். வானம். தண்ணீர். இதற்குள் கண்ணை விட்டால் ஒன்றும் அகப்படவில்லை. அங்கே விழுந்துவிட்டது, சத்தம் கேட்கிறது, கூழாங்கல்லைப் போட்ட சத்தம். அமுக்கினேன், அமுக்கினேன். தண்ணீர் தெறித்த இடம் மட்டும் வந்திருக்கும். பரவாயில்லை, முதல் முதலில் அவருக்கும் அப்படித்தான் வந்தது. அந்த முதல் கேமராவை ரஷ்யக் கப்பலில் வந்த ஒரு மாலுமியிடம் வாங்கினார், இரண்டு பட்டுச் சேலையும் ஒரு பெட்டி மஸ்கோத்து அல்வாவும் கொடுத்து. பட்டுச் சேலை யாருடையது? என்னுடையது. கல்யாணத்துக்கு எங்கள் மாமா எடுத்துக் கொடுத்தது. எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. ஆனால் அந்தக் கருப்புப் பெட்டியைத் துண்டில் சுற்றி, பிறந்த பிள்ளையைக் கொண்டுவருவது போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்ற மூஞ்சியைப் பார்த்த பிறகு எப்படித் திட்டுவது. "கனி, இதுல பறவைய எடுக்கப் போறேன்" என்றார். மனுஷரையெல்லாம் எடுக்க மாட்டிங்களா என்றேன். "மனுஷன் எங்க போயிருவான், அங்கயேதான நிக்கான்" என்றார். அப்படிப் பேசிய வாய்.

எனக்கு அவரைத் தெரியும் முன்னே என் குரலை அவருக்குத் தெரியும். அப்போது நான் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். துறைமுகத்து எலக்ட்ரிகல் பிரிவிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆள் சொந்த ஊரான நாசரேத்துக்கு அம்மாவிடம் பேச புக் பண்ணுவார். அவ்வளவு குறைவாகப் பேசுகிற ஆளை நான் கேட்டதே இல்லை. லைன் கிடைத்து மூன்று நிமிஷம் இருக்கும், அதில் இரண்டரை நிமிஷம் அம்மாதான் பேசுவார்கள், இவர் ம், ம், சரி, ம். எங்களுக்குள்ளே அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். பிறகு மாமா கொண்டுவந்த வரன் பெண் பார்க்க வந்தது, எட்வின் தவமணி, துறைமுகத்தில் உத்தியோகம், நல்ல குடும்பம். நான் குனிந்த தலையோடு போய், காபி எடுத்துக்கிடுங்க என்றேன். அவர் சட்டென்று நிமிர்ந்து, எல்லார் முன்னாலேயும், "நீங்க எக்ஸ்சேஞ்சா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் டிரேயில் காபி தளும்பிவிட்டது. அடுக்களைக்குள் ஓடிப்போய், உம்மணாமூஞ்சி வந்திருக்கு என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தக் குரலைத்தான் அவர் கட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆலாவைச் சொல்வதற்கும் அந்தக் குரலே ஆயிற்று. காற்று எவ்வளவு அடித்தாலும் உன் சத்தம் மட்டும் எனக்குத் தனியா கேக்குட்டி என்பார். இப்போது கேட்கிறதா? கேட்கிறது என்று டாக்டர் சொல்கிறார். காதில் கோளாறு இல்லையாம், எல்லாம் புரியுமாம். புரிந்தும் பேசாமல் இருக்கிறவரிடம் நாள் முழுக்க நானே கேள்வியும் நானே பதிலுமாகப் பேசிக்கொண்டிருப்பது எப்படி இருக்கிறது தெரியுமா. லைன் போட்டுக் கொடுத்த பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் போனை எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருக்குமே, அப்படி.

உப்பு விஷயத்தைப் பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. போன வாரம் சாளைக் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். என் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், குமட்டியது. இந்த மனுஷர் குழம்பில் புளி ஒரு சுளை கூடினால் தட்டை லேசாக ஒரு விரலால் தள்ளுவார். பேச மாட்டார், தள்ளுவார். அந்த ஒரு விரல் தள்ளலுக்காகத்தான் போட்டேன். திட்ட வேண்டாம், முகம் சுளிக்கட்டும், துப்பட்டும், தட்டைத் தூக்கி என் மேல் எறியட்டும். சோற்றில் பிசைந்து ஊட்டினேன். தின்றார். வாயைத் திறந்தார். மறுபடியும் ஊட்டுவதற்கு என் கை எழவில்லை. அந்தச் சோற்றைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிவிட்டு, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே இருப்பது அவர்தானா என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. உடம்பு அவருடையது. மூக்கின் பக்கத்து மருகூட அப்படியே இருக்கிறது. ஆனால் குழம்பைத் தள்ளுகிற ஆள் எங்கே. கை போகட்டும், பேச்சு போகட்டும், நான் என்ன அவர் பேச்சைக் கேட்டா வாழ்ந்தேன், பேசாமலே இருந்தவர்தானே. ஆனால் அந்தத் தள்ளுகிற ஆள் போய்விட்டால், நான் யாருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்? ஐயோ, இப்படி நினைக்காதே. நினைக்காதே என்றால் நினைப்பு நிற்கிறதா, அந்த டைல்ஸையே நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன் இப்போது. அதன் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது.

"யாரு, தவமணி அண்ணாச்சியா!" பிலோமி குரல். இந்த ஊர்க்காரி, நண்டுக் கூடையோடு இந்தக் கரையில் நடந்துகொண்டே இருப்பவள், மகள் ஷீபா கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து எங்களுக்குத் தெரியும். நான் தண்ணீரிலிருந்து திரும்பிக் கை காட்டுகிறேன், அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலிக்கு எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அவர் முகத்தைக் கீழேயிருந்து பார்க்கிறாள். "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் ஆளையே காணோமேன்னு நினைச்சேன். மெலிஞ்சிட்டியளே. ஏன் பேச மாட்டேங்கிய, எங்க மேல கோவமா?" நான் வேகமாகக் கரைக்கு வருகிறேன், சேலையின் ஈரம் காலில் ஒட்டுகிறது. பக்கவாதம் பிலோமி, பேச்சு வரல என்கிறேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "பேச்சு வராட்டா என்ன, இவரு என்னைக்குப் பேசுனாரு" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே சிரித்தேன், நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிலோமியின் கூடையில் ஒரு நண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்களா படம் எடுக்கிய? ஒங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "பெறகு எதுக்கு எடுக்கிய?" இதற்கு என்ன சொல்வது. டாக்டர் சொன்னார் என்றா. அவரைப் பார்க்கவைக்க வேண்டும் என்றா. என் கையில் இதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது, நான் தப்புத் தப்பாக எடுப்பதைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பில்தான் எடுக்கிறேன் என்றா. சும்மாதான் என்றேன். அவள் நாலு நண்டை எடுத்து ஒரு பையில் போட்டு நாற்காலிக் காலில் கட்டிவிட்டு, "ரசம் வச்சுக் குடுங்க, சளிக்கும் நல்லது" என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுபடியும் தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் நின்றால் போதும், இதுவும் அவர் கண்டுபிடித்தது, கரையில் நின்று எடுத்தால் பறவையின் முதுகுதான் கிடைக்கும், தண்ணீரில் நின்றால்தான் நம் கண்ணுக்கு நேராக அது விழும். அந்தக் காலத்தில் இப்படித்தான் நிற்போம், அவர் முன்னால், நான் அவர் தோளுக்குப் பின்னால், ஷீபா கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் துணித்தூளியில். அது அழுதால் நான் ஓட வேண்டும், ஓடினால் சொல்ல ஆள் இல்லை, அவர் ஓட மாட்டார், கண்ணை எடுத்தால் போச்சு. பிள்ளை அழுதது, ஆலா நின்றது, நான் அங்கே ஓடிக்கொண்டே, கோயில் பக்கம், கோயில் பக்கம் என்று கத்தியது, வள்ளத்துக்காரர்கள் எல்லாம் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தது. என்ன சிரிப்பு. பகல் சாப்பாட்டுக்கு அவித்த பயறும் தேங்காய்ச் சில்லும் கொண்டுவருவேன், அவர் ஒரு கையால் தின்பார், மற்ற கை கேமராவில் இருக்கும். ஃபிலிம் அப்போது எண்ணி எண்ணித்தான். ஒரு ரோல் தீர்ந்தால் கழுவக் கொடுத்துவிட்டு ஸ்டூடியோக்காரர் எப்போது தருவார் என்று காத்துக் கிடப்போம். கவரைப் பிரித்தால் தலை இல்லாத ஆலா, வால் மட்டும் உள்ள ஆலா, வெறும் தெறிப்பு. ஸ்டூடியோக்காரர், "சார், தண்ணிய எதுக்கு சார் இத்தனை படம் எடுத்தீங்க" என்று ஒரு நாள் கேட்டே விட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாங்கள் சைக்கிளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், நான் பின்னால் கேரியரில், அவர் முதுகு குலுங்கியது எனக்கு இன்னும் கன்னத்தில் இருக்கிறது. அந்த முதுகு வேண்டும் எனக்கு. பணம் காசு வேண்டாம், நடக்கக்கூட வேண்டாம், அந்தக் குலுங்கல் ஒரு தரம்.

நின்னாச்சு. வாயை மூடிக்கொண்டேன். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். கண்ணை எடுக்கவில்லை. சிறகு படபடக்கிறது, உடம்பு அசையவில்லை, தலை மட்டும் கீழே, இப்போது, இப்போது, அமுக்கிவிட்டேன், சிறகை ஒடுக்கிக்கொண்டு விழுகிறது, விரலை எடுக்காதே, டபடபவென்று கேமரா ஓடுகிறது, தண்ணீருக்குள் போய்விட்டது, வந்துவிட்டது, அலகில் வெள்ளியாக ஒரு மீன், மேலே ஏறி உடம்பை ஒரு உலுக்கு, மீனைத் தலைமாற்றிப் பிடித்து ஒரே முழுங்கு. அகப்பட்டது! அகப்பட்டதுங்க! என்று திரும்பினேன். அவர் நண்டுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அவர் சட்டைக் காலரை மடக்கி மடக்கி விட்டது. பக்கவாதம் அடித்த அன்றைக்கும் அந்தச் சட்டைதான் போட்டிருந்தார். இரண்டாம் பட்டனோ மூன்றாம் பட்டனோ போடும்போது விரல் வழுக்கியது, மறுபடியும் வழுக்கியது, என்னங்க பட்டன் போடத் தெரியலையா என்று நான் சாம்பார் கரண்டியோடு கேலி செய்துகொண்டே வந்தேன், அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாயெடுத்ததோடு நின்றுவிட்டது. என்ன சொல்ல வந்தார்? இதை நான் எத்தனை இரவு கேட்டுவிட்டேன். காபி என்று சொல்ல வந்திருக்கலாம். பட்டன் பிஞ்சிருக்கு என்று சொல்ல வந்திருக்கலாம். பெரிதாக ஒன்றும் இருக்காது, அந்த மனுஷர் பெரிதாக என்றைக்குச் சொன்னார். இருந்தாலும் அந்த ஒரு சொல் அவர் தொண்டைக்குள்ளேயே இருக்கிறது, அதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

போன் அடிக்கிறது. ஷீபாதான், பெங்களூரிலிருந்து. கையெல்லாம் உப்புத் தண்ணீர், லென்ஸில் பட்டுவிடக் கூடாது, மணலில் வைக்க முடியாது. கரைக்கு வந்து கேமராவின் வாரை அவர் கழுத்தில் மாட்டி, கேமராவை மடியில் வைத்தேன், காலையில் முதலில் எடுத்தது திரையில் வருகிற மாதிரி அமுக்கியும் வைத்தேன், பார்க்கிறாரா என்று குனிந்தேன். பார்க்கவில்லை. சரி. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் போனை எடுத்தேன். "அம்மா, அப்பாவ எதுக்கு இந்தக் காத்துல கடலுக்குக் கொண்டுபோன? சளி பிடிச்சா மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அலையணும்" என்கிறாள். தொப்பி போட்டிருக்கேன்டி, மப்ளர் சுத்தியிருக்கேன். "ஏதாவது பாத்தாங்களா?" நண்டைப் பாத்தாங்க என்றேன். "சரிம்மா, விடும்மா, ஒரு நாள்ல ஆயிருமா. நீ ஒழுங்கா சாப்பிடு" என்றாள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எத்தனை பேர் தொண்டை அடைத்ததைக் கேட்டிருப்பேன், இப்போது என் மகள் தொண்டையும் என் தொண்டையும் ஒரே லைனில். வைக்கிறேன் என்று வைத்தேன். முத்தையாவைக் கூப்பிட்டுப் புறப்பட வேண்டியதுதான். வெயில் ஏறிவிட்டது. அவருக்கு மாத்திரை நேரம். வந்தது வந்தோம், காற்று வாங்கினோம், நாலு நண்டு கிடைத்தது.

திரும்பினால் அவர் குனிந்திருக்கிறார். வலிப்பு வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார், தலை தொங்கிவிட்டது என்றுதான் ஓடினேன். தொங்கவில்லை. இடது கை கேமராவைப் பிடித்திருக்கிறது. கட்டை விரல் அசைகிறது. ஒரு தரம், இன்னொரு தரம், நிறுத்தம். ஒரு தரம், இன்னொரு தரம், நிறுத்தம். என்னவோ தெரியாமல் அமுக்குகிறார் என்று நினைத்தேன், குழந்தை கையில் கிடைத்ததை அமுக்குகிற மாதிரி. பக்கத்தில் போய்த் திரையைப் பார்த்தேன். வெறும் தண்ணீர். அமுக்கினார், போயிற்று. அரை இறக்கை. பார்த்தார். அமுக்கினார், போயிற்று. குப்பைத்தொட்டிப் படம் போட்ட பட்டன் இந்தக் கேமராவில் இடது பக்கம்தான் இருக்கிறது. இரண்டு தரம் அமுக்கினால் படம் போய்விடும். அழித்துக்கொண்டிருக்கிறார்! நான் காலையிலிருந்து எடுத்ததை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறார். கடவுளே. கடற்கரையிலிருந்து வீட்டுக்குப் போனதும் இப்படித்தான் உட்காருவார், காபியை ஆறவிட்டு, நாள் பூராவும் நான் தொண்டை வற்றக் கத்திக் கிடைத்த படங்களை ஈவிரக்கம் இல்லாமல் ஒழித்துக் கட்டுவார், இது நல்லாத்தான இருக்கு, அத ஏங்க அழிக்கிய என்று நான் கையைப் பிடிப்பேன், எத்தனை சண்டை, எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். நான் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வால் மட்டும் உள்ள ஆலா. போயிற்று. கோணலான கடல். அதைப் பார்த்ததும் அவர் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தேறாத படத்தைக் கண்டால் விடுகிற, எனக்குத் தெரிந்த சத்தம்.

அப்புறம் அது வந்தது, என்னுடையது, உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தது. ஆலா முழுசாக இருந்தது, சிறகு ஒடுங்கி, அலகு தண்ணீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது. என் கண்ணுக்கு ராஜ படம். அவர் விரல் நின்றது. வெகுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். "இது நல்லாருக்குங்க" என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இத மட்டும் விட்டுருங்க. நானா எடுத்தது." அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். டைல்ஸைப் பார்க்கிற பார்வை இல்லை. கோபம். இந்த உலகத்தில் ஒரு படத்தைப் பார்த்து நல்லாருக்கு என்று சொல்வதற்கு உனக்கு எப்படி மனசு வருகிறது என்கிற அந்தப் பழைய கோபம். கட்டை விரல் போனது, ஒரு தரம், இன்னொரு தரம். போயிற்று என் ராஜ படம். அழுதுகொண்டே அவர் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். தட்டிவிட்டார்! கேமராவை ஒற்றைக் கையால் என் பக்கம் தள்ளினார், கனம் தாங்காமல் அது என் மடியில் சரிந்தது. தாடை கடல் பக்கம் திரும்பியது. வாய் கோணிக்கொண்டு, எச்சில் ஒழுக, உள்ளேயிருந்து எதையோ இழுத்து இழுத்து, கடைசியில், "போ" என்றார். என்ன என்றேன், கேட்டது போதாது எனக்கு, இன்னொரு தரம் வேண்டும். "போ" என்றார், இந்தத் தடவை எரிச்சலாக. புருஷன் போ என்றதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட பொம்பளை இந்தக் கரையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். அவர் வாயைத் துடைத்துவிட்டு, வாரைக் கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கோட்டுக்கு மேல் ஆலாக்கள் சுற்றுகின்றன, லென்ஸுக்குள் பார்த்தால் எல்லாம் கலங்கலாக இருக்கிறது, கண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது, இப்படி எடுத்தால் ஒன்றுகூடத் தேறாது. எல்லாவற்றையும் அழிப்பார். அழிக்கட்டும். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.